சாமிக்கண்ணு வின்சென்ட்

கோயமுத்தூரிலே வெரைட்டி ஹால் வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வழியே நாடோறும் போவார் வருவாருள், அப்பெயர் ஒரு படக்கொட்டகையால் வந்ததென அறிந்தோர் சிலர்; அதனைக் கட்டினவர் இன்னாரென அறிந்தோர் அவரினும் சிலர். ஆதலின் அவர் சரித்திரத்தை நம் அன்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுந்தோம்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு கோயமுத்தூரிற் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரெயில்வேயிலே படம் வரையும் குமாஸ்தாவாய், மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்திருந்தார். 1905-இல் துபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் சலனப்படங் காட்டிக்கொண்டு அவ்வூர் வந்தார். வந்தவிடத்தில் நோயுற்று, தாய்நாடு திரும்ப விரும்பிக் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முற்பட்டார். விலை ஈராயிரம் ரூபாய்க்குக் குறையாது. வின்சென்டின் சம்பளத்தை உண்ணாது உடாது சேர்த்தாலும் அது 80 மாதத்துச் சம்பளமாகும். நிலையான உத்தியோகத்தில் இருக்கும் இளைஞர் ஒருவர், ஊரார் கண்டறியாத வித்தையொன்றை நம்பி இத்துணைப் பொருளை வைப்பதென்றால் எந்தப் பெரியோர் இசைவர்? நாம் அருகிருந்தால் நாமும் தடுத்தேயிருப்போம். அவரோ கருவியை வாங்கினார், உத்தியோகத்தையும் துறந்தார்.

அக்காலத்துப் படங்கள் பேசா, மிகக் குறுகியன. இயேசுநாதர் சரித்திரப் படமே அவர் கைப்பொருளுட் சிறந்தது. கூடாரம் அடித்துப் படங் காட்டுவதும், பின் அதனைப் பிரித்து வண்டியேற்றுவதுமாய் அவர் ஊரூராய்ச் சென்றார். வடக்கே லாகூர், பெஷாவர் வரையும் அக்கூடாரம் போயிற்று. பின்னர்ப் பாதே கம்பெனியாரின் படக்கருவிகளை இந்நாட்டில் விற்கும் ஏஜெண்டாகவும் ஆயினார். இதனால் அவர் பயனடைந்ததன்றியும், அவரிடம் கருவி வாங்கிய பிறரும் கூடாரத் தொழிலில் இறங்கினர்.

எனினும் கூடாரத்துக்கு மழை பகை, காற்றுப் பகை. இதனை நன்குணர்ந்த வின்சென்ட், 1914-இல் தம் சொந்த ஊரில் நிலையான கொட்டகை ஒன்றை எழுப்பி வெரைட்டி ஹால் எனப் பெயரிட்டார். தென்னாட்டின் முதற் கொட்டகை இதுவே என்பாருமுளர். சென்னையில் 1913-இலேயே ஆங்கிலேயர் ஒருவரின் எலெக்ட்ரிக் தியேட்டர் இருந்தது. ரகுபதி வெங்கையா அந்நகரில் கெயிட்டியைக் கட்டியதும் 1914-ஐ ஒட்டியே. முதன்மை பற்றிய வழக்கில் நமக்கு ஊக்கமில்லை. சென்னையில் நிகழ்ந்ததைக் காட்டிலும், கோயமுத்தூர் போன்ற உள்நாட்டு ஊரில் இது நிகழ்ந்ததே வியப்பு.

அதனினும் வியப்பு மின்சாரம். பைக்காரா மின்சாரம் வந்தது 1932-க்குப் பின்னரே. அதற்கு முன்னரே வின்சென்ட் தாமே எஞ்சின் வைத்து மின்சாரம் உண்டாக்கினார். இரவிற் படம் காட்டிய அவ்வாற்றலைக் கொண்டு அச்சுக்கூடமும் மாவு அரைக்கும் ஆலையும் நடத்தினார். பள்ளிப் பிள்ளைகள் படக்கொட்டகைக்குப் போதலைக் கடிவது எம்மனோர் வழக்கமே. ஆயினும் ஒரு கொட்டகையின் எஞ்சினால் புத்தகம் அச்சாயிற்றென்பதைக் கேட்டு மகிழாதிருக்க முடியவில்லை.

1931-இல் தமிழ் பேசும் படம் வந்தது. வின்சென்ட் கல்கத்தாப் பயோனியர் கம்பெனியோடு கூடி 1933-இல் வள்ளி திருமணத்தை வெளியிட்டார், டி. பி. ராஜலக்ஷ்மி வள்ளியாக நடித்த அப்படம் பெரும் பொருள் ஈட்டியது. கோயமுத்தூர்ச் சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தொடங்கினவர்களுள்ளும் அவர் ஒருவர். 1942-இல் காலமானார்.

கொட்டகை அவருக்குப் பின்னும் நின்றது. டிலைட் எனப் பெயர் மாறிற்று. நகரம் பெருகப் பெருகப் பெரிய கொட்டகைகள் எழுந்தன. புதுப்படங்கள் அவற்றை நாடின. பழையதற்குப் பழம்படங்களே எஞ்சின. வீடுதோறும் தொலைக்காட்சி வந்தபின் அவற்றுக்கும் ஆளில்லை. முன்னாளில் வண்டி கட்டி வந்து காத்திருந்த வாயிலில் சிலரே சீட்டு வாங்கினர். காட்சிகள் குறைந்து, பின் நின்றன.