வலிமைக்கு ஓய்வூதியம் உண்டா?

வடோதரா நகரின் பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு பாறாங்கல் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் எடை 1,200 கிலோ என்றும், 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று மல்லர் காமா அதைத் தூக்கினார் என்றும் குறிப்பு சொல்கிறது. நவீன விதிகளின்படி, தரையிலிருந்து இடுப்புவரை எடை தூக்கும் போட்டியில் 500 கிலோவை எட்டியதே 2016-இல்தான். ஆகவே அந்தக் கல் முழுவதுமாகத் தரையைவிட்டு எழுந்தது என்பதை நம்புவது கடினம். சற்றே அசைத்திருந்தாலும் அது அரிய செயலே. கதை எதுவாயினும், கல் பத்திரமாக இருக்கிறது. அதைத் தூக்கியவர் தம் முதுமையில் எப்படி வாழ்ந்தார் என்பது பொருளாதாரம் கற்பித்த என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தும் கேள்வி.

குலாம் முகமது பக்ஷ் என்பது காமாவின் இயற்பெயர். 1878-ஆம் ஆண்டு, அமிர்தசரஸ் மாவட்டத்து ஜப்போவால் கிராமத்தில், காஷ்மீரத்திலிருந்து வந்து குடியேறிய மல்லர் மரபில் பிறந்தவர். தந்தை அஜீஸ் பக்ஷ், மத்திய இந்தியாவின் ததியா சமஸ்தானத்தில் மல்லராக இருந்தவர். காமா சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட, தாய்வழிப் பாட்டனாரும் அவருக்குப் பின் மாமனும் பிள்ளையை வளர்த்துப் பயிற்சியளித்தனர்.

1888-இல் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். யார் அதிக எண்ணிக்கையில் பஸ்கி எடுப்பது என்பதே போட்டி. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்களில், இறுதிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேரில் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். அவன் வயதைக் கருதி, மன்னர் அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். அதன்பின் ததியா மன்னர் அவன் பயிற்சிக்கும் உணவுக்கும் பொறுப்பேற்றார். காமாவின் தொழில் வாழ்க்கை தொடங்கியது அப்போதுதான்.

மல்லனின் ஊதியம் எத்தகையது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாலும் நெய்யும் பாதாமும் பழச்சாறும் இறைச்சிச் சாறும் மல்லனின் அன்றாடத் தேவைகள். காமா உண்ட அளவையும், எடுத்த தண்டால், பஸ்கி ஆகியவற்றின் எண்ணிக்கையையும் பற்றி நம்பற்கரிய கணக்குகள் உலவுகின்றன. அவற்றில் பாதியைத் தள்ளினாலும், எஞ்சும் செலவை எந்த உழவர் குடும்பமும் தாங்கியிருக்க முடியாது. யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதே மல்லனை வளர்ப்பதும். அதை அரண்மனைதான் செய்ய முடியும். ஆங்கிலேயர் ஆட்சியில் போரிடும் உரிமையை இழந்துவிட்ட மன்னர்களுக்கு, தம் மல்லன் அடுத்த சமஸ்தானத்து மல்லனைச் சாய்ப்பது ஒரு வகை வெற்றியாக இருந்தது. மல்லனுக்கு உணவு, உறைவிடம், பயிற்சிக் களம், வென்றால் பரிசு ஆகியவை கிடைத்தன. பெரும்பகுதி பண்டமாக வந்து உடலிலேயே செலவாகிவிடும் ஊதியம் அது. சேமிப்புக்கு அதில் இடமில்லை. அளிப்பதை நிறுத்தினால் கேட்பதற்கு உரிமையும் இல்லை.

தமது பதினேழாம் வயதில் காமா, அக்காலத்தின் பெருமல்லரான ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுடன் மோதினார். ரஹீமின் உயரம் ஏறத்தாழ ஏழு அடி. காமாவின் உயரமோ ஐந்தேமுக்கால் அடிக்கும் குறைவு. நெடுநேரம் நடந்த அந்த மோதல் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதுவே இளைஞர் காமாவின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது.

1910-இல் தம்பி இமாம் பக்ஷுடன் காமா லண்டன் சென்றார். வங்காளத்துச் செல்வர் ஒருவர் பயணச் செலவுக்கு உதவினார். ஆனால், உயரம் போதாது என்று அங்கே போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அவர் ஓர் அறைகூவல் விடுத்தார்: எந்த எடைப் பிரிவைச் சேர்ந்தவராயினும், மூன்று மல்லர்களை அரை மணி நேரத்தில் சாய்த்துக் காட்டுவதாக அறிவித்தார். விளம்பர வேடிக்கை என்று முதலில் ஒதுக்கினார்கள். பிறகு அமெரிக்க மல்லரும் மருத்துவருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். இரண்டு சுற்றுகளிலும் காமா அவரைச் சாய்த்தார்.

அதன் பின்னரே செப்டம்பர் 10 அன்று, போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் பிஷ்கோவுடன் மோதும் வாய்ப்பு வந்தது. உலகப் பட்டத்துக்கென 'ஜான் புல்' இதழ் அறிவித்திருந்த வார்ப்பட்டையும் 250 பவுன் பரிசும் காத்திருந்தன. பிஷ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகப் புரட்ட முடியாதபடி தற்காத்துக்கொண்டார். ஆட்டம் ஒரு வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் 17 அன்று காமா களத்துக்கு வந்தார், பிஷ்கோ வரவில்லை. வார்ப்பட்டை காமாவுக்கு உரியதாயிற்று. அடிமை நாட்டிலிருந்து சென்ற ஒருவர், ஆண்ட நாட்டின் தலைநகரிலேயே உலக வீரராக அறிவிக்கப்பட்டார். அச்செய்தி இந்தியர்களுக்குத் தந்த பெருமிதத்தை இன்று நாம் முழுமையாக உணர்வது கடினம்.

நாடு திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷையும் வென்று, ருஸ்தம்-ஏ-ஹிந்த் என்னும் பட்டத்தைப் பெற்றார் காமா. பின்னாளில் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அவருக்குப் புரவலரானார். 1928 ஜனவரியில் அந்த மன்னரின் ஏற்பாட்டில், பட்டியாலாவில் பல்லாயிரவர் முன்னிலையில் காமாவும் பிஷ்கோவும் மீண்டும் மோதினர். இருவரும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தனர். லண்டனில் முடியாதிருந்த மோதல் இங்கே ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பிஷ்கோ மண்ணில் கிடந்தார். மன்னர் காமாவுக்கு வெள்ளிக் கதாயுதம் வழங்கினார்.

இதன் பிறகு அவரை எதிர்க்கத் தகுந்தவர் யாரும் இல்லாமற்போயினர். மல்லனுக்கு அது புகழ். வருவாய்க் கணக்கில் பார்த்தால் அது இழப்பும்கூட. மோதல் இல்லையேல் பரிசும் இல்லை. அரண்மனையின் மதிப்பு மட்டுமே மிஞ்சியது.

1947-இல் அதுவும் போயிற்று. பிரிவினையின்போது காமா லாகூரில் இருந்தார். தாம் வசித்த மோகினி சாலையில் இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தின் முன்னே நின்று தடுத்தார் என்றும், அக்குடும்பங்களைத் தம் செலவில் பாதுகாப்பாக எல்லைக்கு அனுப்பினார் என்றும் சொல்லப்படுகிறது. அவரைப் போற்றிய பட்டியாலா எல்லைக்கு அப்பால் இந்தியாவில் இருந்தது. இங்கும் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக ஒன்றியத்தில் இணைந்தன. மன்னர்களுக்கு மானியம் வழங்க அரசமைப்பில் இடமளிக்கப்பட்டது. அம்மன்னர்களை நம்பியிருந்த மல்லர்கள், இசைவாணர்கள், கைவினைஞர்கள் ஆகியோருக்கு எந்த ஏற்பாடும் இல்லை.

ஆண் பிள்ளைகளை இளமையிலேயே பறிகொடுத்திருந்த காமாவின் கடைசி ஆண்டுகள் நோயிலும் பணமுடையிலும் கழிந்தன. செய்தி அறிந்த தொழிலதிபர் ஜி.டி. பிர்லா இந்தியாவிலிருந்து 2,000 ரூபாயும் மாதம் 300 ரூபாயும் அனுப்ப ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசும் உதவியது. 1960 மே 23 அன்று லாகூரில் காமா மறைந்தார். களத்தில் எவரிடமும் தோற்காதவர் என்று போற்றப்பட்டவர், கடைசியில் பிறர் மனமிரங்கி அளித்த பொருளை எதிர்பார்க்க நேர்ந்தது.

அவர் காலத்து மற்ற வலியவர்கள் வேறு வழிகளில் சென்றனர். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ தம் உடலைக் காட்டி, உடற்பயிற்சிக் கருவிகளையும் இதழையும் விற்றார். அவர் பெயரே தமிழில் பலசாலிக்கு அடைமொழியாயிற்று. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோடி ராமமூர்த்தி சங்கிலியை அறுத்தும், மார்பில் யானையை ஏற்றியும் சர்க்கஸ் நடத்தினார். அவருக்குச் சீட்டு வாங்கிய மக்களே புரவலர். பிஷ்கோ மல்யுத்தத்திலிருந்து விலகிய பின், 1950-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் மல்லராகவே நடித்தார். நமக்கு அருகில் கோவையில் உடற்பயிற்சியில் பெயர் பெற்ற சாண்டோ சின்னப்பா தேவர், 1956-இல் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தைத் தயாரித்துப் பட முதலாளியானார். இவர்களுக்கெல்லாம் சந்தை என ஒன்று இருந்தது. அந்தச் சந்தையும் எல்லோரையும் காப்பதில்லை. வணிகத் திறன் உள்ள வலியவனை மட்டுமே அது காக்கும். காமாவுக்குத் தெரிந்த தொழில் மல்யுத்தம் ஒன்றே.

இதை நான் கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிக்கும் வலிமை புதிதன்று. முத்தநாடு மந்தில் தோடர் இன மக்கள் ஆண்டுதோறும் கூடும் விழாவில், இளைஞர்கள் இளவட்டக் கல்லைத் தோளுக்கு ஏற்றிக் காட்டுகிறார்கள். அங்கே வலிமை இளமையின் அடையாளம், பிழைப்புக்கான தொழிலன்று. கல்லைத் தூக்க இயலாத வயதிலும் அவர்களுக்கு மந்தில் இடமுண்டு.

வலிமையே பிழைப்பாக அமைந்தவர்களும் இம்மலையில் இருக்கிறார்கள். பசுந்தேயிலை மூட்டையைச் சரிவிலிருந்து சாலைக்குச் சுமந்து வந்து வண்டியில் ஏற்றுகிறவர்கள் அவர்கள். பெருந்தோட்டத்தில் பணிபுரிவோருக்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சில பாதுகாப்புகளைத் தந்தது. வருங்கால வைப்பு நிதியும், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் சேர்ந்தன. ஆனால், கட்டபெட்டைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சிறு விவசாயிகளின் தோட்டங்கள். அவற்றில் கூலிக்குச் சுமப்பவருக்கு இவற்றில் ஒன்றும் எளிதில் எட்டுவதில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமும், அதன்வழி அமைந்த நல வாரியமும் உண்டு. பதிவு செய்து, புதுப்பித்துக்கொண்டே வந்தால்தான் பயன் கிட்டும். முழங்கால் தேய்ந்தபின் பழைய முதலாளி தரும் ஐந்நூறு ரூபாயும் பிர்லா தந்த முந்நூறும் தன்மையில் ஒன்றே. கொடுப்பவர் நல்லவர் என்பதில் ஐயமில்லை. நாளை அவர் கொடுக்காவிட்டால் கேட்க முடியாது என்பதே குறை.

விளையாட்டு வீரர்களைப் பொறுத்தவரை நிலை மாறியிருக்கிறது. நலிந்த வீரர்களுக்கான தேசிய நல நிதியம் 1982-இல் ஏற்பட்டது. பன்னாட்டுப் பதக்கம் வென்றோருக்கான ஓய்வூதியத் திட்டம் 1994-இல் வந்தது. தமிழக அரசும் நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் அளிக்கிறது. வரவேற்க வேண்டியவை இவை. ஆனால், இவற்றின் வாயில் பதக்கத்தின் அகலமே உடையது. ஊர்த் திருவிழாக்களில் கல் தூக்குபவரும், கயிறு கட்டி லாரி இழுப்பவரும் அதனுள் நுழைய முடியாது. 1977 முதல் நடந்துவரும் உலக வலியவர் போட்டியின் பாணியில் இன்று இந்தியாவிலும் இளைஞர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அது ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டிலோ இடம்பெறாத துறை. உணவுக்கும் பயிற்சிக்கும் தம் கைப்பணத்தையே செலவிடும் அவர்கள், முதுகுத்தண்டோ முழங்காலோ பழுதானால் யாரிடம் போவார்கள்?

தேய்மானம் உள்ள எந்த இயந்திரத்துக்கும் தொழிற்சாலை ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறது. மனித உடலைப் போல விரைந்து தேயும் முதல் வேறில்லை. அதற்கு ஒதுக்கீடு செய்யும் வழக்கம்தான் அரிதாக இருக்கிறது. செய்ய வேண்டியவை எளியவையே. பயிற்சிக் கூடத்தில் சேரும் நாளிலேயே காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் இளைஞரைச் சேர்க்கலாம். போட்டி நடத்துவோர் பரிசுத் தொகையின் ஒரு பங்கை அக்கணக்கில் செலுத்துவதைக் கட்டாயமாக்கலாம். சுமைப்பணியாளருக்கு, கொள்முதல் செய்யும் ஒவ்வொரு கிலோ பசுந்தேயிலைக்கும் சில காசுகளைத் தொழிற்சாலை வழியே நல வாரியத்துக்கு அனுப்பலாம். அந்தச் சுமை, விலை கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயியின் தலையில் விழாதபடி அரசு ஈடு செய்ய வேண்டும்.

2022-ஆம் ஆண்டு மே 22 அன்று, காமாவின் பிறந்த நாளில் கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து சிறப்பித்தது. இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் மரியாதை நல்லதே. வாழும் வலியவர்களுக்குத் தேவை, அறுபது வயதில் கையேந்தாமல் வாங்கிக்கொள்ளும் ஒரு மாதத் தொகை. அதைச் சட்டம் உறுதி செய்ய வேண்டும்.