மருந்தியல் மேதை சோப்ரா

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று வலையபட்டி. அப்பகுதி இல்லங்களின் அடுக்களையில் சீரகம், சோம்பு, மிளகு ஆகியவற்றோடு கசகசாவும் தவறாது இடம்பெறும். தேங்காயோடு சேர்த்து அரைத்துக் குழம்பிற்குக் கூட்டும் அச்சிறு வித்து மயக்கம் தருவதன்று. ஆயின், அவ்வித்தை ஈனும் செடியின் பசுங்காயைக் கீறினால் வெண்ணிறப் பால் கசியும். அப்பால் உறைந்து கறுத்து அபின் ஆகின்றது. ஒரே செடி உணவுக்குச் சுவையும் தருகின்றது. வலி நீக்கும் மருந்தும் தருகின்றது. உயிரை மாய்க்கும் நஞ்சும் தருகின்றது. மருந்திற்கும் நஞ்சிற்கும் இடையேயுள்ள எல்லை யாது என்பதை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெரியார் இராமநாத் சோப்ரா ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை என்று அறிஞர் உலகம் அவரைப் போற்றுகின்றது.

சோப்ரா 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள குஜ்ரன்வாலா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது பாகிஸ்தானத்தைச் சேர்ந்தது. இலாகூரில் பயின்றபின் அவர் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். அங்கு மருந்தியல் கற்பித்து வந்த டிக்சன் என்னும் பேராசிரியரின் தொடர்பு அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. ஒரு மருந்து உடலுள் சென்று இதயத்திலும் நரம்பிலும் மூச்சிலும் யாது செய்கின்றது என்பதை அளந்தறியும் கலையை அவர் அங்கே கற்றுக்கொண்டார். பின்னர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, படையினருக்கு மருத்துவராகத் தொண்டாற்றினார்.

1921-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோப்ரா மருந்தியல் பேராசிரியராக அமர்ந்தார். அந்நாளில் இந்தியாவில் மருந்தியல் ஆராய்ச்சி இளம்பயிராகவே இருந்தது. மருந்துகளுட் பல வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. நம் நாட்டு மூலிகைகளின் ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர் மிகச் சிலரே. இக்குறையை நீக்க அவர் உறுதி பூண்டார்.

அவர் ஆராயப் புகுந்த பொருள்களுள் அபினும் ஒன்று. அதன் வரலாறு நெடியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் செர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து அதன் சாரமாகிய மார்பீனைப் பிரித்தெடுத்தார். அதனைத் தாமும் உண்டு, இளைஞர் மூவருக்கும் கொடுத்துச் சோதித்தார். அளவு மிகுந்தமையால் நால்வரும் பெரிதும் துன்புற்று, காடி அருந்தி வாந்தியெடுத்து உய்ந்தனர். இச்செய்தியை அவர் 1817-இல் வெளியிட்டார். இந்தியாவிலோ அபின் ஆங்கில அரசினருக்குப் பெரும் வருவாய் தரும் பொருளாக இருந்தது. கங்கைச் சமவெளியில் விளைந்த அபினைப் பதப்படுத்தக் காஜிப்பூரில் தொழிற்சாலை அமைந்திருந்தது. உரிமம் பெற்ற கடைகளில் மக்கள் அதனை விலைக்கு வாங்கினர். 1895-இல் அறிக்கை விடுத்த அரச ஆணைக்குழு, இந்தியருள் அபின் பழக்கத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை என்று முடிவு கூறியிருந்தது.

சோப்ரா அம்முடிவை அப்படியே ஏற்று அமைதி கொள்ளவில்லை. தம் உடனாய்வாளருடன் அபின் உண்போரை நேரிற் கண்டு, எப்பொழுது தொடங்கினர், ஏன் தொடங்கினர், எவ்வளவு உண்கின்றனர், உடல்நிலை எவ்வாறுளது என்றெல்லாம் உசாவிக் குறித்தார். அப்பொழுது ஓர் உண்மை புலனாயிற்று. பலர் இன்பம் நாடி அபினைத் தீண்டியவர் அல்லர். மூட்டுவலி, இருமல், வயிற்றுப்போக்கு முதலிய துன்பங்கள் தீரவும், கடும் உழைப்பின் களைப்பு நீங்கவுமே அவர்கள் அதனை உண்ணத் தொடங்கியிருந்தனர். மருத்துவர் அருகில் இல்லாத ஏழைக்கு அபினே மருத்துவனாயிற்று. நோய் தீர்ந்த பின்னும் அது அவனை விட்டு நீங்கவில்லை. உடல் அதற்குப் பழகியபின் முன்னைய அளவு போதாதாயிற்று. நிறுத்த முயன்றாலோ உடல் நடுங்கிற்று, உறக்கம் ஒழிந்தது.

இன்னும் இரங்கத்தக்கது குழந்தைகளின் நிலை. ஆலைகளிலும் வயல்களிலும் உழைக்கச் சென்ற தாயர் சிலர், குழந்தை அழாமல் உறங்குதற்பொருட்டு அதற்குச் சிறிதளவு அபின் கொடுத்து வந்தனர். பம்பாய்ப் பகுதியில் இதற்கெனச் சிறு உருண்டைகளே கடைகளில் விற்கப்பட்டன. உறங்கிய குழந்தை பசியையும் மறந்தது. பால் குடிக்காமல் மெலிந்தது. அளவு சற்று மிகுந்தபொழுது விழிக்காமலே மடிந்த குழந்தைகளும் உண்டு. அத்தாயர் கொடியவர் அல்லர். அறியாமையும் வறுமையுமே அவர்கள் கையில் அந்நஞ்சைக் கொடுத்தன. சோப்ரா இத்தகைய செய்திகளையெல்லாம் அச்சேற்றி அறிஞர் முன் வைத்தார்.

அக்காலத்தில் மற்றொரு கேடும் நாட்டை வாட்டியது. கலப்பட மருந்துகளும் வீரியம் குறைந்த மருந்துகளும் எங்கும் மலிந்தன. மலேரியாக் காய்ச்சலால் துடிப்பவன் வாங்கிய கொயினாவிலும் கலப்படம் இருந்தது. மருந்தின் தரத்தைக் காக்க நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் அந்நாளில் இல்லை. 1930-ஆம் ஆண்டில் அரசினர் மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்துச் சோப்ராவை அதன் தலைவராக்கினர். குழுவினர் நாட்டின் பல பகுதிகளிலும் சான்றுகளைத் திரட்டி, அடுத்த ஆண்டே அறிக்கை தந்தனர். மருந்துகளைச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் வேண்டும், மருந்து கலந்து கொடுப்போர் முறையாகப் பயின்றவராதல் வேண்டும், நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பன அதன் சாரம். 1940-இல் மருந்துச் சட்டம் பிறந்தது. இன்று மருந்துப் புட்டியின்மீது தயாரித்த நாளும் காலாவதியாகும் நாளும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்போர், அம்முறைக்கு வித்திட்ட குழுவை நினைவு கூர்தல் தகும்.

நம் நாட்டு மூலிகைகளையும் சோப்ரா ஆய்வுக்கு உட்படுத்தினார். அவற்றைப் பற்றிய அவரது பெருநூல் 1933-இல் வெளிவந்தது. சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைக்க வல்லது என்பதை ஆராய்ந்து காட்டியவருள் அவரும் ஒருவர். பழமையானது என்பதனால் ஒரு மருந்தை அவர் கொள்ளவும் இல்லை. பழமையானது என்பதனாலேயே தள்ளவும் இல்லை. அளந்து பார்த்த பின்னரே எதனையும் ஏற்றார். 1941-இல் கல்கத்தாப் பணியினின்று ஓய்வு பெற்றபின் காஷ்மீரம் சென்று, சம்முவில் மருந்தாராய்ச்சிக் கூடத்தை வளர்த்தார். 1973-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள் தம் தொண்ணூறாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.

அதே ஆண்டில், மூளையிலே அபின் சென்று பற்றும் இடங்கள் உள என்பதை அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். அவ்விடங்களைப் பற்றும் மருந்து வலியுணர்வைத் தணிக்கின்றது. அதனோடு மூச்சியக்கத்தையும் தளர்த்துகின்றது. எனவே, மார்பீன், கோடீன், டிரமடால் முதலிய மருந்துகளை மதுவோடோ உறக்க மாத்திரைகளோடோ சேர்த்து உட்கொண்டால் மூச்சு நின்றுவிடவும் கூடும். தனித்தனியே தாங்கத்தக்க இரண்டு, ஒன்று கூடியபொழுது கூற்றாகின்றன. எளிய மாத்திரைகளிலும் இவ்விழிப்பு வேண்டும். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மருந்திலும் பாரசிட்டமால் இருத்தல் உண்டு. அறியாமல் இரண்டையும் உண்பவர் அளவு மிகுந்து கல்லீரல் கெடும். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர் ஆஸ்பிரினையும் தாமே வாங்கி உண்டால் குருதிப்பெருக்கு நேரும்.

அச்சத்தால் மருந்தையே விலக்குதலும் அறமன்று. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால், புற்றுநோயால் துடித்தோருக்கும் மார்பீன் கிடைப்பது அரிதாயிற்று. அத்துன்பம் நீங்கும்பொருட்டு 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்பீன், இறுதி நாள்களில் வாடும் நோயாளிக்கு அமைதி தருகின்றது.

வலையபட்டி போன்ற சிற்றூரில் வாழ்வோருக்கும் இன்று மருந்துக்கடை எட்டாத தொலைவில் இல்லை. அன்று அபின் உருண்டையை வாங்கிய தாய்க்கு அதன் தன்மையை எடுத்துரைப்பார் இல்லை. இன்று மருத்துவரும், பயின்ற மருந்தாளரும், மருந்துறையின்மீது அச்சிட்ட எழுத்தும் உள. தாம் உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் மறையாது கூறுதலும், பிறருக்கு எழுதிக்கொடுத்த மருந்தைத் தாம் உண்ணாமையும், கல்லாத முதியோருக்கு மருந்துறையைப் படித்துக் காட்டுதலும் கற்றோர் கடனாகும். அளந்தறிந்து உண்பதே மருந்து என்பதைத் தம் வாழ்வால் உணர்த்திய சோப்ராவுக்கு இதனினும் சிறந்த நன்றியறிதல் வேறில்லை.