சந்திரப் பாதையும் சுரங்கப் பாதையும்

1969ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி மூன்று மனிதரைச் சுமந்து சந்திரனை நோக்கி எழுந்த சற்றேண் 5 என்னும் ரொக்கெட்டு 363 அடி உயரமுடையது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் வேர்னர் வொன் பிரவுன். அவ்வருஞ்செயலை வியப்போர், அவர் அதற்கு முன்னர் செய்த ரொக்கெட்டின் கதையையும் அறிதல் வேண்டும்.

அக்காலத்து ஜேர்மனியின் பகுதியாயிருந்த விர்சிற்ஸ் என்னும் ஊரிலே, 1912 மார்ச் 23இல், பிரபு குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். அன்னையார் பரிசளித்த தொலைநோக்கியும், ஹேர்மன் ஓபேர்த் 1923இல் வெளியிட்ட நூலும் அவருடைய இளமையுள்ளத்தை விண்வெளிக்கு ஈர்த்தன. நூலிலிருந்த கணக்குகள் விளங்காமற் போகவே, அதுவரை வெறுத்த கணிதத்தை ஊன்றிக் கற்றார்.

கனவுக்குப் பணம் வேண்டும். பணமோ இராணுவத்திடம் இருந்தது. வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் பீரங்கிகளுக்கு வரம்பிட்டதேயன்றி, ரொக்கெட்டைப் பற்றி ஏதும் கூறவில்லை. 1932இல் வொன் பிரவுன் இராணுவத்தின் ஆராய்ச்சிப் பணியிற் சேர்ந்தார். 1937இல் நாசிக் கட்சியிலும், 1940இல் எஸ்.எஸ். படையிலும் அங்கத்தவரானார். மறுத்திருந்தால் தம் வேலையைத் துறக்க நேர்ந்திருக்கும் என்று பிற்காலத்தில் விளக்கங் கூறினார். அவர் துறக்கவில்லை என்பதே வரலாறு.

போல்ரிக் கடலோரத்துப் பீனமுண்டேயில், மதுசாரத்தையும் திரவ ஒட்சிசனையும் எரித்து இயங்கிய அவருடைய ரொக்கெட்டு, 1942 ஒக்டோபர் 3இல் 80 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்தது. 1944 செப்டெம்பரில் அதுவே வி-2 என்னும் பெயருடன் இலண்டன்மீது வீழலாயிற்று. ஒலியினும் விரைந்து வந்தமையால், வெடித்த பின்னரே அதன் வருகையின் ஓசை கேட்டது.

பிரித்தானியர் 1943 ஓகஸ்டிற் பீனமுண்டேயின்மீது குண்டுவீசிய பின், உற்பத்தி நோர்ட்ஹவுசன் நகருக்கு அணித்தான குன்றின் சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டது. அங்கு உழைத்தோர் டோரா முகாமின் கைதிகள். முதற் சில மாதங்கள் அவர்கள் உறங்கியதும் சுரங்கத்தினுள்ளேதான். பகலொளியைக் காண்பதே அரிது. அம்முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைபட்ட ஏறத்தாழ 60,000 பேரில் சுமார் 20,000 பேர் மாண்டனர். வொன் பிரவுன் அச்சுரங்கங்களுக்குப் பன்முறை சென்று வந்தவர். தொழிற்றிறனுள்ள கைதிகளைப் புக்கன்வால்ட் முகாமில் தாமே தேடியதாக அவர் 1944 ஓகஸ்டில் எழுதிய கடிதம் இன்றும் உளது. அதே ஆண்டு மார்ச்சில் இரகசியப் பொலிசார் அவரை இரு வாரமளவிற் சிறைவைத்தனர் என்பதும் உண்மை. எனினும், அக்கடிதம் விடுதலைக்குப் பின்னர் எழுதப்பட்டது.

1945 மே மாதம் அமெரிக்கரிடம் சரணடைந்தார். அவர்கள் அவரது கடந்த காலத்தைத் துருவிப் பாராது, அறிவையே நாடினர். ரெக்சாசிலும் பின்னர் ஹன்ற்ஸ்வில்லிலும் பணிபுரிந்து, 1955இற் பிரசாவுரிமை பெற்றார். 1958 ஜனவரி 31இல் அமெரிக்காவின் முதற் செய்மதியை ஏவியது அவருடைய குழு அமைத்த ரொக்கெட்டே. சஞ்சிகைகளும் வோல்ட் டிஸ்னியின் தொலைக்காட்சிப் படங்களும் அவரை வீடுதோறும் அறிமுகஞ் செய்தன.

1977 யூன் 16இல், தமது 65ஆவது வயதில், வேர்ஜினியா மாநிலத்திற் காலமானார். நாசிக் குற்றங்களை விசாரிக்கும் தனி அலுவலகத்தை அமெரிக்கா நிறுவியது 1979இலேயாம். சுரங்கத்தில் வி-2 உற்பத்தியை நடத்தியவரும், பின்னர் சற்றேண் 5 திட்டத்தின் முகாமையாளராய் விளங்கியவருமான ஆதர் ருடோல்ப், அவ்வலுவலகத்தின் விசாரணைக்குப் பின் 1984இல் நாட்டை விட்டு ஜேர்மனிக்குத் திரும்பினார்.