ஜார்ஜ் மெலியேஸ்

கண்ணாற் கண்டதும் பொய் என்பது நம் முன்னோர் பழமொழி. அப்பொய்யை மெய்யே போலக் காட்டி மக்களை மகிழ்விப்பதும் ஒரு கலையாம். ஒருவனைப் பலராக்குவதும், வானில் நகரங்களை மிதக்கவிடுவதும் இன்று கணினிமுன் அமர்ந்த இளைஞனுக்கும் கைகூடுவனவாயின. தனித்தனியே எடுத்த காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே காட்சியாக்கும் இவ்வித்தையைச் சலனப்படத்தில் வளர்த்த முன்னோடிகளுள் தலைசிறந்தவர் பிரெஞ்சு தேசத்து ஜார்ஜ் மெலியேஸ். அன்னாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மெலியேஸ் 1861-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் பாதரட்சைத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். மைந்தரின் உள்ளமோ சித்திரத்திலும் இந்திரஜாலத்திலுமே தோய்ந்தது. 1888-இல் அவர் குடும்பத் தொழிலில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தார்க்கு விற்று, ரோபேர் ஊதான் என்னும் புகழ்பெற்ற செப்பிடுவித்தைக்காரரின் பெயர் தாங்கிய நாடகசாலையை வாங்கினார்.

1895 டிசம்பர் 28-இல் லூமியேர் குடும்பத்தார் பாரிஸிற் காட்டிய சலனப்படத்தைக் கண்டு வியந்த மெலியேஸ், அக்கருவியை விலைக்குக் கேட்டார், அவர்கள் மறுத்தனர். அவர் மனந்தளரவில்லை. மறு ஆண்டில் லண்டனில் வேறொரு கருவியை வாங்கி, அதனைத் தாமே படம்பிடிக்குங் கருவியாகத் திருத்தியமைத்தார். 1897-இல் மோந்த்ராய் என்னும் ஊரில் தம் நிலத்திற் கண்ணாடிக் கூரை வேய்ந்த படப்பிடிப்புக் கூடமொன்றையும் எழுப்பினார்.

ஒருநாள் பாரிஸ் வீதியிற் படம்பிடிக்கையில் கருவி சற்றே நின்று மீண்டும் ஓடிற்றாம். பின்னர்த் திரையிற் பார்த்தபோது, சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டி திடீரெனப் பிணவண்டியாக மாறிற்று என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். பிறர் பழுதெனத் தள்ளியிருக்கக்கூடியதை அவர் வித்தையாக்கிக்கொண்டார்.

அவர் கையாண்ட முறைகளுள் மிக அருமையானது ஒரே படச்சுருளிற் பன்முறை படம்பிடித்தலாகும். கருந்திரைமுன் நின்று நடித்தால், கருமை படிந்த இடத்திற் சுருள் ஒளிபடாது வெறுமையாகவே நிற்கும். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அவ்வெற்றிடத்தில் மற்றொரு காட்சியைப் பதிக்கலாம். 1898-இல் எடுத்த ஒரு படத்தில் அவர் தம் தலையை மும்முறை கழற்றி மேசைகளின்மேல் வைக்கின்றார். கழுத்திலோ மீண்டும் தலை முளைக்கின்றது! 1900-இல் எழுவராகப் பெருகி ஒரு வாத்தியக் குழுவாகவே அமர்ந்தார். இல்லாத தோழனை நோக்கித் திரும்ப வேண்டும். கணக்குத் தவறாது அசைய வேண்டும். ஏழாம் முறையில் ஒரு பிழை நேரின் முன்னைய ஆறும் பாழாம்.

1901-இல் எடுத்த ரப்பர்த்தலைப் படத்தில் மேசைமேலுள்ள தலை ஊதஊதப் பருக்கின்றது. உண்மையில் மெலியேஸ் கருந்துணியால் உடலை மறைத்து நாற்காலியில் அமர, அது கருவியை நோக்கி இழுக்கப்பட்டது. அருகில் வருந்தோறும் தலை பெரிதாய்த் தோன்றும். சமதரையில் இழுப்பின் கழுத்து மேசையை விட்டுக் கீழிறங்கித் தோன்றும். ஆதலின் சாய்தளம் அமைத்தார். இத்தகைய நுண்கணக்கே மாயத்தை மெய்யாக்கிற்று.

1902-இல் வெளிவந்த சந்திரலோக யாத்திரை அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் அமெரிக்காவிற் பலர் அப்படத்தைத் திருட்டாகப் பிரதியெடுத்து விற்றுப் பொருளீட்டினர். நாளடைவில் மக்கள் சுவையும் மாறிற்று, கடன் பெருகிற்று. 1913-இல் மனைவியாரும் இறந்தார். முதல் உலகப்போரிற் படைத்துறையினர் அவர் படங்கள் பலவற்றைக் கைப்பற்றி, அவற்றை உருக்கிப் பாதரட்சைக் குதிகளாக்கினர் என்பர். பாதரட்சைத் தொழிலைத் துறந்து கலை நாடியவர்க்கு விதி செய்த பரிகாசம் இது! 1923-இல் நாடகசாலை இடிபட்டது. மோந்த்ராய் நிலமும் கைவிட்டுப் போயிற்று. மனம் வெதும்பிய மெலியேஸ் எஞ்சிய மூலச்சுருள்களைத் தம் கையாலேயே தீயிலிட்டார்.

1925-இல் அவர் மணந்த ழான் தால்சி அம்மையார், அவருடைய தொடக்ககாலப் படங்களில் நடித்தவர். இருவரும் மோன்பர்னாஸ் புகைவண்டி நிலையத்தில் விளையாட்டுப் பொருள்களும் மிட்டாயும் விற்றுக் காலங்கழித்தனர். அங்கே பத்திரிகையாளர் அவரைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். 1929-இல் பாரிஸில் அவருக்குப் பெருவிழா நடந்தது. 1931-இல் அரசாங்க விருதை லூயி லூமியேரே அவருக்கு அணிவித்தார். 1938 ஜனவரி 21-இல் அவர் காலமானார்.

அவர் எடுத்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இன்றில்லை. ஆயினும் சந்திரலோக யாத்திரையின் வண்ணப் பிரதியொன்று 1993-இல் வெளிப்பட்டது. சிதைந்த அதன் துண்டுகள் கணினியின் துணையாற் பொருத்தப்பெற்று 2011-இல் மீண்டும் திரைகண்டன. அவர் தோற்றுவித்த வித்தையின் வழித்தோன்றலே அவருக்குத் தொண்டு செய்தது!

தோழர்காள்! கருவிகள் நாளும் புதியனவாகலாம். ஏழாம் முறையிலும் பிழையாதிருக்கும் பொறுமை எக்கருவியோடும் வருவதன்று; அஃது அவரவர் ஈட்டிக்கொள்ள வேண்டிய செல்வமாம். அன்றியும், மிட்டாய்க் கடையில் அமர்ந்திருப்பவர் யாவர் என்பதை உரிய காலத்திற் கேட்டறியும் கடமையும் நமக்குண்டு.