ஒரு ரூபாய் குமாஸ்தா ஐகோர்ட்டு நீதிபதி ஆனார்

ஏலப்பாறை பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவருக்குப் பீர்மேடு கோர்ட்டில் வாய்தா என்றால், அன்றைய சம்பளம் போயிற்று என்று அர்த்தம். விடியற்காலையில் லயத்தை விட்டுக் கிளம்பி, மூடுபனியில் பஸ்சுக்கு நின்று, சம்மனை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலுக்கு வந்து சேருகிறார். எந்த ஊர்க் கோர்ட்டானாலும் சரி, உள்ளே நாற்காலி காலியாக இருந்தாலோ, கட்டை எடுத்து வைக்கவேண்டிய குமாஸ்தா இன்னும் வரவில்லை என்றாலோ, நஷ்டம் நாற்காலிக்கு இல்லை. பஸ் சார்ஜ் கொடுத்து வந்தவருக்குத்தான்.

நீதிபதிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கூடி ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டார்கள். 2002-ல் பல நாட்டு நீதிபதிகள் சேர்ந்து பெங்களூர் கோட்பாடுகள் என்ற ஒன்றை இறுதி செய்தார்கள். காலதாமதம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும், வழக்காடிகளிடம் பொறுமையும் மரியாதையும் வேண்டும், கீழே வேலை பார்க்கும் சிப்பந்திகளும் அப்படியே நடக்கும்படி நீதிபதி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவை எழுதப்படுவதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே, கோர்ட்டு உத்தியோகம் என்றால் என்ன என்று நடந்து காட்டிவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் சர் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

தெரு விளக்கில் படித்துப் பெரிய ஆள் ஆனவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்களே, அதே முத்துசாமி ஐயர்தான். விளக்குக் கம்பம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வெளிச்சத்துக்கு வருவதற்கு முன் அவர் ஒரு ஆபீஸ் பையன் என்பதுதான் மறந்துபோயிற்று.

வராத குமாஸ்தாவும் வந்த பையனும்

1832 ஜனவரி 28-ந் தேதி தஞ்சாவூர் ஜில்லா உச்சுவாடி கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். தாயார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருவாரூர் வந்தார். வீட்டில் கஷ்டம். பையன் கணக்கு எழுதும் இடத்தில் உதவியாளாகச் சேர்ந்தான். மாதச் சம்பளம் ஒரு ரூபாய்.

அப்போது அங்கே தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருநாள் ஆற்றின் கரை உடைத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. தஞ்சாவூர் சீமையில் கரை உடைப்பு என்றால் சும்மாவா? ஒரு நாழிகை தாமதித்தால் எத்தனை வேலி நிலம் தண்ணீருக்குள் போகுமோ! தாசில்தார் தலைமைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். குமாஸ்தா ஆபீசில் இல்லை. வேறு யார் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இந்தப் பையன்தான் எழுந்து வந்து நின்றான். தாசில்தார் வேறு வழியில்லாமல் அவனையே அனுப்பி விவரம் பார்த்து வரச் சொன்னார்.

பையன் போனான், பார்த்தான், திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். தாசில்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னப் பையன் சொல்வதை வைத்துக்கொண்டு மேலே எழுத முடியுமா? பிறகு வந்த தலைமைக் குமாஸ்தாவை விட்டு விசாரித்ததில், பையன் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தது. அன்றிலிருந்து நாயக்கரின் கண் பையன் மேல் விழுந்தது. வேலை இல்லாத நேரத்தில் பையன் படிப்பில் காட்டிய ஆசையையும் பார்த்தார். இவன் ஒரு ரூபாய் சம்பளத்துக்குப் பிறந்தவன் இல்லை என்று தீர்மானித்து, தன் பொறுப்பில் இங்கிலீஷ் படிக்க அனுப்பி வைத்தார்.

அந்தத் தலைமைக் குமாஸ்தாவின் பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் ஏன் ஆபீசில் இல்லை என்பதும் தெரியாது, ஏதாவது நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் இல்லாத இடத்தில் இன்னொருவர் இருந்ததுதான் இந்தக் கதையே.

சென்னையில் பவல் துரையின் பள்ளியில் முத்துசாமி படித்தார். அதுதான் பிற்காலத்துப் பிரசிடென்சி கல்லூரி. 1854-ல் இங்கிலீஷ் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். மாதம் ஒரு ரூபாய் வாங்கிய கை அது. பிறகு வாத்தியார், தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் ரிக்கார்டு கீப்பர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்று சில உத்தியோகங்கள். ரிக்கார்டு அறையில் தூசி தட்டி, கட்டுக்களை அடுக்கி, கேட்ட காகிதத்தைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்தவர் பிற்காலத்தில் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார் என்பதை, கோர்ட்டு ஆபீசுகளில் இருப்பவர்கள் கவனிக்கலாம்.

சொல்லாமல் வந்த ஜட்ஜ்

வக்கீல் பரீட்சையில் முதலாவதாகத் தேறிய முத்துசாமி ஐயர், தரங்கம்பாடியில் டிஸ்ட்ரிக்ட் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்களிடமிருந்து 1845-ல்தான் வெள்ளைக்காரர்கள் விலைக்கு வாங்கிய ஊர் அது. கடற்கரையில் சின்ன இடம். மேலதிகாரியோ தூரத்தில், தஞ்சாவூரில். பத்து மணிக்கு வந்தாலும் பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் கேட்க ஆள் கிடையாது.

ஒருநாள் தஞ்சாவூர் சிவில் ஜட்ஜ் பூசம்ப் துரை முன்னறிவிப்பு இல்லாமல் அங்கே வந்து இறங்கினார். முன்சீப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழக்குகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சியை விசாரிப்பது எப்படி, கட்சிக்காரனிடம் பேசுவது எப்படி, உத்தரவு எழுதுவது எப்படி என்று எல்லாவற்றையும் பார்த்தார். முன்சீப் தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தார். பூசம்ப் துரை முழுத் திருப்தியோடு புகழ்ந்துவிட்டுத் திரும்பினார். சொல்லிவிட்டு வரும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எந்த ஆபீசும் சுத்தமாக இருக்கும். சொல்லாமல் வருகிற நாளில்தான் உண்மை தெரியும். ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1859-ல் தஞ்சாவூரில் டிப்டி கலெக்டர். 1865-ல் தென் கன்னடத்துக்கு, அதாவது மங்களூர் பக்கம், சப்-ஜட்ஜாக மாற்றல். 1868-ல் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டம் படித்து, 1871-ல் பி.எல். தேறினார். அப்போது வயது 39. பகலில் மாஜிஸ்திரேட்டு, இரவில் மாணவர். படிப்புக்காகக் கோர்ட்டுக்கு மட்டம் போட்டார் என்று யாரும் சொன்னதில்லை.

மூன்று ரூபாய் அபராதம்

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர், ஓர் இந்தியரை அடித்துவிட்டார் என்று புகார் வந்தது. அடிபட்டவர் ஏழை. அடித்தவரோ, மாஜிஸ்திரேட்டுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர். முத்துசாமி ஐயர் சம்மன் அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரை நேரில் வரச் சொல்ல வேண்டாம் என்று தலைமை மாஜிஸ்திரேட்டு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. சம்மன் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். குற்றம் நிரூபணமாயிற்று. அபராதம் மூன்று ரூபாய்.

மூன்று ரூபாய்தானா என்று இன்று தோன்றலாம். அந்தக் காலத்தில் ஒரு இந்திய மாஜிஸ்திரேட்டு ஒரு வெள்ளைக்கார நீதிபதிக்கு ஒரு காசு அபராதம் போட்டாலும் ஊர் முழுக்க அதே பேச்சாகத்தான் இருக்கும். கோர்ட்டில் ஒழுங்கு என்பது கீழே இருக்கிற டவாலிக்கும் குமாஸ்தாவுக்கும் மட்டும், மேலே போகப் போகக் கிடையாது என்ற எண்ணம் அன்றும் இருந்தது. அந்த எண்ணத்துக்குத்தான் மூன்று ரூபாய் அபராதம் விழுந்தது.

ஐகோர்ட்டில்

சென்னை ஐகோர்ட்டு 1862-ல் ஏற்பட்டது. கல்கத்தாவில் 1863-லேயே ஒரு இந்தியர் ஐகோர்ட்டு நீதிபதி ஆகிவிட்டார். சென்னைக்கு அந்தப் பாக்கியம் 1878-ல்தான் கிடைத்தது. முத்துசாமி ஐயரை நியமித்ததும், வெள்ளைக்காரர்கள் நடத்திய சென்னைப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அதற்குப் பதில் சொல்ல நம்மவர்களிடம் ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு வாலிபர்கள் வருத்தப்பட்டார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ந் தேதி 80 பிரதிகள் அச்சிட்டு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதுதான் இந்து பத்திரிகை. ஒரு குமாஸ்தாப் பையனின் உத்தியோக உயர்வை ஒட்டி ஒரு பத்திரிகையே பிறந்தது.

முத்துசாமி ஐயர் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து வழக்குகளைக் கேட்டார். அவர் அவசரக்காரர் அல்ல. இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டு, பழைய சாஸ்திரங்களையும் முன் தீர்ப்புகளையும் பார்த்து, நிதானமாக எழுதுகிறவர். நேரத்துக்கு வந்து உட்காருவது வேறு, வந்தவனை ஐந்து நிமிஷத்தில் விரட்டி அனுப்புவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

மலையாள நாட்டுக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஏலப்பாறையும் பீர்மேடும் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. ஆனால் பாலக்காடு உட்பட மலபார் ஜில்லா முழுவதும் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. 1956-ல் கேரளம் உருவாகும் வரை பாலக்காட்டுக்காரர்களின் அப்பீல் சென்னை ஐகோர்ட்டுக்குத்தான் போயிற்று. 1891-ல் மலபார் விவாகக் கமிஷன் என்று சர்க்கார் ஒன்றை அமைத்தது. மருமக்கத்தாயக் குடும்பங்களில் நடக்கும் சம்பந்தங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரலாமா என்று ஆராய்வது அதன் வேலை. குடும்பம், சொத்து, மானம் மூன்றும் கலந்த விஷயம். யாரைத் தலைவராகப் போட்டாலும் ஒரு பக்கம் முணுமுணுக்கும். சர்க்கார் முத்துசாமி ஐயரைத்தான் போட்டது. அதன் பின் மலபார் விவாகச் சட்டம் 1896-ல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1893-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் சிறிது காலம் பிரதம நீதிபதியாகவும் வேலை பார்த்தார். 1895 ஜனவரி 25-ந் தேதி காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 63 வயது நிறைந்திருக்கும். கடைசி வரையில் உத்தியோகத்தில்தான் இருந்தார்.

சென்னை ஐகோர்ட்டு கட்டிடத்துக்குள் அவருக்குச் சலவைக்கல் சிலை இருக்கிறது. தலையில் பாகை, காலில் செருப்பு இல்லை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கட்டும் கையுமாக அதைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள்.