மேடையை விட்டு இறங்கத் தெரிந்த வீரர் ஜீன் ரனி

குத்துச்சண்டை வீரர் பலருடைய வரலாறு துயரத்தில் முடிவதைக் காண்கிறோம். கைதட்டிய கூட்டம் கலைந்த பின் கைப்பொருளும் கரைந்து, தலையில் வாங்கிய அடிகளால் நினைவும் குன்றி வாடியோர் அநேகர். இதற்கு விலக்காக வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கரான ஜீன் ரனி.

இவர் 1897ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி நியூயோர்க் நகரில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி. மகன் குருவானவராக வேண்டுமென்பது தாயாரின் ஆசை. மகனோ கப்பற் கம்பனியொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஓய்வு நேரங்களிற் குத்துச்சண்டை பழகினார். முதலாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையிற் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். அங்கிருந்த அமெரிக்கப் படையினரிடையே 1919இல் நடந்த போட்டியில் வாகை சூடினார். சேக்ஸ்பியரின் நாடகங்களில் அவருக்குப் பற்று ஏற்பட்டதும் அந்தப் படை வாழ்விலேதான்.

1922 மே மாதத்தில் ஹரி கிரெப் என்பவரிடம் 15 சுற்றுக்கள் இரத்தம் ஒழுக அடிபட்டுத் தோற்றார். தொழில்முறைப் போட்டிகளில் அவர் கண்ட ஒரே தோல்வி இதுவே. ஆனால் அவர் மனமுடைந்து போகவில்லை. எதிராளியின் சண்டை முறையை நன்கு ஆராய்ந்து, 1923 பெப்ரவரியில் அவரிடமிருந்தே பட்டத்தை மீட்டெடுத்தார்.

1926 செப்டெம்பரில் பிலடெல்பியாவில், ஏறக்குறைய 120,000 மக்கள் முன்னிலையில், எவராலும் அசைக்க முடியாதவரென எண்ணப்பட்ட ஜாக் டெம்ப்சியை வென்று உலக அதிபாரச் சம்பியனானார். அடுத்த ஆண்டு, பயிற்சியின்போது தலையில் ஏற்பட்ட தாக்கத்தால் சில நாட்கள் அவருடைய ஞாபகம் தடுமாறியது. புகழின் உச்சியில் நின்றவருக்கு இது பெரும் எச்சரிக்கையாயிற்று. இத்தொழிலை விட்டுவிட வேண்டுமென்ற எண்ணம் அப்போதே அவருள் வேரூன்றியது.

1927 செப்டெம்பரில் சிக்காகோவில் டெம்ப்சியை மீண்டும் எதிர்த்தார். ஏழாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். டெம்ப்சி உடனே ஒதுங்கி நிற்காததால் நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமாயிற்று. எழுந்து நின்ற ரனி இறுதியிற் புள்ளிகளால் வென்றார். அந்த ஓர் இரவுக்காக அவர் பெற்ற ஊதியம் 990,000 டொலருக்கும் அதிகம். இன்னும் எவ்வளவோ சம்பாதித்திருக்கலாம். எனினும் 1928 யூலையில் ரொம் ஹீனியை வென்றதோடு, தமது 31ஆம் வயதில், பட்டத்தை இழக்காமலே விலகிக்கொண்டார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் உரோமாபுரியிற் பொலி லோடர் என்ற பெண்மணியைக் கரம் பற்றினார். மூன்று ஆண்மக்களும் ஒரு மகளும் பிறந்தனர். பாடசாலைக் கல்வி குறைந்த இவர் யேல் பல்கலைக்கழகத்தில் சேக்ஸ்பியரைப் பற்றி விரிவுரை ஆற்றினார். நாடகாசிரியர் பேர்ணாட் ஷோவின் நெருங்கிய நண்பரானார். பல கம்பனிகளில் இயக்குநராக விளங்கினார். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையினரின் உடற்பயிற்சித் திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்தார். ஒரு மகன் 1971இல் அமெரிக்க செனற் சபையில் அமர்வதையும் கண்டார். மேடையில் எதிரியாய் நின்ற டெம்ப்சியோ வாழ்நாள் நண்பராகிவிட்டார்.

1978 நவம்பர் 7ஆம் திகதி, 81ஆம் வயதில் ரனி காலமானார். மேடையேறி வெல்வதற்குப் பலம் வேண்டும். பணமும் புகழும் இன்னும் அழைக்கும்போதே இறங்கி வருவதற்கு அதனிலும் பெரிய பலம் வேண்டும். ரனியிடம் இரண்டும் இருந்தன.