பகைவர் புண்ணையும் ஆற்றிய பெருந்தகை

மே 8 உலகச் செஞ்சிலுவை நாள். அவ்வியக்கத்திற்கு வித்திட்ட ஹென்றி டுனாண்ட், 1828 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் பிறந்த நாள் அது. உயிரிரக்கத்தைப் போற்றும் நாம் அறிய வேண்டிய வாழ்வு அவருடையது.

டுனாண்ட் ஒரு வணிகர். அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய மாவு ஆலைக்கு நீருரிமை வேண்டி, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காண 1859 இல் வட இத்தாலிப் போர்முனைக்குச் சென்றார். ஜூன் 24 அன்று சோல்பெரினோவில் பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஆஸ்திரியப் படையுடன் பொருதன. ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் புண்பட்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரின் தேவாலயங்கள் புண்பட்டோரால் நிறைந்தன. மருத்துவர் மிகச் சிலரே; தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. டுனாண்ட் வந்த காரியத்தை மறந்தார். ஊர்ப் பெண்களைத் திரட்டிப் புண் கழுவிக் கட்டினார். இறக்குந் தறுவாயில் இருந்தோர் தம் வீட்டார்க்குச் சொல்லிய செய்திகளை எழுதிக்கொண்டார். தன் நாட்டவர், பகை நாட்டவர் என்ற வேறுபாடு அங்கே பாராட்டப்படவில்லை.

கண்டவற்றை 1862 இல் நூலாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு, ஐரோப்பியத் தலைவர்களுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1863 இல் ஜெனீவாவில் ஐவர் குழு அமைந்தது. 1864 ஆகஸ்டு 22 அன்று 12 நாடுகள் ஜெனீவா உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. புண்பட்ட வீரன் எந்நாட்டவனாயினும் பேணப்படல் வேண்டும் என்பது சட்டமாயிற்று.

ஆயினும் 1867 இல் அவரது வணிகம் நொடித்தது. கடனாளியான அவரைத் தாம் உருவாக்கிய குழுவே விலக்கியது. பிறந்த ஊரை நீங்கி, வறுமையில் பல்லாண்டு அலைந்தார். 1892 முதல் ஹைடன் என்னும் மலையூர் மருத்துவமனையில் ஓர் அறையே அவருக்குப் புகலிடம் ஆயிற்று. 1895 இல் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய பின்னரே உலகம் அவரை மீண்டும் நினைத்தது. 1901 இல் முதலாவது அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. அம்மருத்துவமனையில் ஏழை நோயாளிக்கென ஓர் இலவசப் படுக்கை இருக்கப் பொருள் வைத்துவிட்டு, 1910 அக்டோபர் 30 அன்று மறைந்தார்.

அவர் போரை ஒழிக்கவில்லையே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். கொல்லாமையே நிறைவான அறம். அதனை உலகம் எட்டும்வரை, வீழ்ந்தவனைப் பகைவனாக எண்ணாது காத்தல் அதற்குரிய முதற்படி என நாம் கருதுகிறோம். அப்படியைக் கட்டிய டுனாண்டை நன்றியுடன் நினைவுகூர்வோமாக.